என் தோளில் நான்கு விரல்

மார்ச் 3, திங்கள்

மூத்த பேத்தி கண் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தனி அறை, கதவில் பெயர் எழுதியிருக்கிறது. அவள் தம்பி கப்பலில் இன்ஜினியர். நடுக்கடலில் மெஷின் நின்றுபோனால் இவன் போய் இரண்டு தட்டுத் தட்டினால்தான் ஓடுமாம் (அவனே சொன்னது). மகள் வயிற்றுப் பேத்தி கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். விரல் விட்டு எண்ணுகிற எனக்கு அப்படி ஒரு பேத்தி! கடைக்குட்டி, எங்கள் சின்னவன், கட்டடங்களுக்குப் படம் போடுகிறான். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்து ஆள் குடிவந்தது போலக் கம்ப்யூட்டரில் காட்டிவிடுவான். போன வருடம் அதற்குப் பரிசு வாங்கினான். டை கட்டிக்கொண்டு பரிசோடு நிற்கும் படம் கூடத்துச் சுவரில் கடைசி ஆணியில் தொங்குகிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் சுவரைப் பார்த்தால் யாராவது அப்படிச் சொல்வார்களா?

எதிர்வீட்டுத் தையல்காரி கேலி செய்வாள். "உன் வீட்டுக்கு வந்தா ஒரு வாய் தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடி நாலு படத்துக்கும் கைதட்டணும்." அவளுக்குப் பொறாமை கிடையாது. வாய்தான். அவளும் நானும் ஒரே வருடத்தில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தவர்கள். அவள் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்காவிட்டால் எனக்குக் காலை விடிந்த மாதிரி இருக்காது.

வங்கித் தெருவில் எழுபது மாடிக் கோபுரம் வரப்போகிறது. பழைய வங்கியை இடித்த காலி மனையில். அதற்குப் படம் போடுவது யார் என்றால், என் சின்னவன். எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் சாவி செய்கிறவரிடம் இரண்டு தடவை.

ஒரு தொல்லை இருக்கிறது. கோபுரத்துக்கு முன்னால் அகலமாக வாசல் வேண்டுமாம், அதற்கு எங்கள் கட்டடமும் வேண்டுமாம். எல்லா வீடும் சம்மதித்தால்தான் தொட முடியும். மொட்டைமாடியில் கூட்டம் போட்டு, ஒருவரும் சம்மதிப்பதில்லை என்று முடிவு செய்தோம். பெரிய குரல் என்னுடையதுதான்.

தையல்காரி கேட்டாள்: "உன் பேரன் அவங்ககிட்டத்தானே வேலை பார்க்கறான்?"

"அவன் படம் போடறவன்டி. பென்சிலுக்கும் கடப்பாரைக்கும் என்ன சம்பந்தம்?"

சரியாகத்தான் சொன்னேன்.

மார்ச் 9

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஆளுக்கு முன்னால் அவர் சென்ட் வந்தது. ஆள் போய் வெகுநேரம் ஆன பிறகும் மாடிப்படியில் அந்த வாசனை போகாமல் நின்றது. இனிமேல் அவர் பெயர் வாசனைக்காரர்.

வழவழவென்று ஒரு புத்தகத்தை மடியில் வைத்தார். "அம்மா, இது கட்டடம் இல்லை. ஒரு அனுபவம்."

"அனுபவம் என்கிட்டயே நிறைய இருக்கு தம்பி. அதையெல்லாம் நீங்க கொண்டுபோயிடுங்க, வீடு இங்கயே இருக்கட்டும்."

சிரித்தார். பல்லெல்லாம் ஒரே அளவு. நான் போட்ட டீயைத் தொடவில்லை. கோப்பையின் விளிம்பைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். சீ.

மார்ச் 17, திங்கள்

எப்படி எழுதுவது?

காலையில் சாவிக்காரர் கீழிருந்து கத்தினார். "அக்கா! வங்கித் தெருவுல உங்க படம் போட்டிருக்காங்க! வீடு உயரத்துக்கு!"

என்ன நினைத்தேன்? பேரனுக்கு ஏதோ மரியாதை செய்கிறார்கள், கூடவே பாட்டியையும் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொண்டு, தலை வாரிக்கொண்டு போனேன். போகிற வழியில் பேப்பர் கடையில் நின்று "என் படம் பார்க்கப் போறேன்" என்று வேறு சொன்னேன். எழுதும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

காலி மனையைச் சுற்றி அடைத்த தகரத்தின் மேல் நீளமாகப் படம். நடுவில் கோபுரம், மேகத்துக்குள் போகிறது. முன்னால் பச்சைப் புல், நீரூற்று, சைக்கிளில் ஒரு பெண், பலூன் பிடித்த குழந்தை. ஓரத்தில் ஒரு பெஞ்சில் நான். வாயைத் திறந்து சிரிக்கிறேன். என் மூக்குத் துவாரத்தில் ஒரு ஆள் நுழைந்து போகலாம். கடைவாயில் பல் இல்லாத இடம் குகை மாதிரி.

பொய் எழுத மாட்டேன். ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. தெருவே பார்க்க என் முகம். தலையைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

பிறகுதான் கணக்குப் போட்டேன். படத்தில் இடது பக்கம், இடிக்காத இன்னொரு வங்கி, வாசலில் கடிகாரம் வைத்தது. அதை ஒட்டி வளைந்த விளக்குக் கம்பம். அதற்கு அடுத்து என்ன இருக்க வேண்டும்? நாங்கள் இருக்க வேண்டும். எங்கள் நாலு மாடி, சாவிக்கடை, கொடியில் துணி. ஒன்றும் இல்லை. புல். நான் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற பெஞ்சு என் சமையலறை இருக்கிற இடம். என் வீட்டை இடித்த மண்ணின் மேல் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் பார்த்தேன். என் தோளில் நான்கு விரல். நடு விரலில் ஊசி குத்தாமல் இருக்க மாட்டுகிற தகர உறை.

எனக்குத் தெரியும் அது எந்தப் படம் என்று. போன மாதம் சின்னவன் வந்திருந்தான். மொட்டைமாடியில் நானும் தையல்காரியும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். பங்குச் சந்தைக்காரர் ஒருவர் மாதாமாதம் பேன்ட்டின் இடுப்பை விட்டுத் தைக்கக் கொண்டுவருவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சந்தை இறங்கினாலும் அவர் இடுப்பு மட்டும் ஏறிக்கிட்டே போகுதடி" என்று என் தோளைப் பிடித்தாள். நான் சிரித்தேன். அவன் போனை எடுத்துக் கிளிக் செய்தான்.

அவளை வெட்டி எடுத்துவிட்டார்கள். விரலை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏதோ பல்லி வால் மாதிரி.

மார்ச் 18

படியில் முதல் மாடி வாத்தியார் எதிரே வந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். கட்டடத்தில் ஒருவரும் என்னோடு பேச்சுக் கொடுப்பதில்லை.

மார்ச் 19, புதன்

நானே போய் எதிர்க்கதவைத் தட்டினேன். திறந்தாள். வாயில் குண்டூசி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள், அவசரமே இல்லாமல்.

"எனக்குத் தெரியாதுடி" என்றேன்.

"தெரியாமத்தான் நல்ல துணி கட்டிட்டுப் போனியா?"

"எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன்ல."

"கூட்டத்துல நீதான் பெரிசாக் கத்தினே. நாங்க எல்லாரும் உன் பின்னாடி நின்னோம். இப்போ நீ போய் பெஞ்சுல உட்கார்ந்துட்டே. உட்கார்ந்தா உட்காரு. என் கையை மட்டும் வச்சுக்கிட்டு என்னை வெட்டிட்டியே. அதுதான் எனக்கு…"

மெஷினை மிதித்தாள். அதில் துணியே இல்லை, வெறும் ஊசி குத்திக்கொண்டிருந்தது.

மார்ச் 22, சனி

சின்னவனை வரச் சொன்னேன். வந்தான். ரொட்டி வாங்கி வந்தான், நான் பிரிக்கவில்லை.

"பாட்டி, படத்துல ஆளுங்க வேணும். இல்லேன்னா கட்டடம் செத்த மாதிரி இருக்கும். எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க. எங்கயாவது எடுத்த ஃபோட்டோவுலருந்து ஆளை வெட்டி ஒட்டுவோம். அந்த சைக்கிள்காரி யாருன்னே எனக்குத் தெரியாது."

"நான் யாருன்னு தெரியுமா?"

ரொட்டிப் பொட்டலத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளினான்.

"நீ படத்துலருந்து எங்க கட்டடத்தை அழிச்சது தெரியுமா? நீ நடை பழகின கூடம்டா அது."

"அது நான் அழிக்கலை. பிளான்லயே இல்லை. குடுத்ததைத்தான் போட்டேன். வயசான ஒரு முகம் சந்தோஷமா வேணும்னாங்க. உங்க சிரிப்பு மாதிரி எனக்கு வேற எங்கயும் கிடைக்கலை. பாசத்துலதான் பாட்டி…"

பாசமாம்.

"அந்த விரல்?"

"அவசரத்துல விட்டுப்போச்சு. பெரிசா அச்சடிச்ச பிறகுதான் பார்த்தேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

யாருக்கும் தெரியாதாம். வீட்டளவு படத்தில், அண்டா அளவு விரல். இந்தப் பிள்ளைக்கு நான் ஊரெல்லாம் கைதட்டல் வாங்கிக் கொடுத்தேன்.

"ஆஃபீஸ்ல போய் அதை எடுக்கச் சொல்லு."

"என் வேலை போயிடும் பாட்டி."

அவன் போன பிறகு டை கட்டின படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். சட்டத்திலிருந்து படத்தை உருவி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் நினைத்தேன்.

மார்ச் 25

அந்த வாசனைக்காரர் ஒவ்வொரு கதவாகப் போய், "மூணாம் மாடி அம்மாவே சம்மதிச்சுட்டாங்க, பார்க்கலையா?" என்கிறாராம். சாவிக்காரர் சொன்னார். முதல் மாடி வாத்தியாரும் அவர் மனைவியும் அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார்களாம். அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்களாம்: "அவங்களே போயிட்டாங்க. நாம மட்டும் எப்படி நிக்கறது?"

சாவிக்காரரும் முகத்தைப் பார்க்காமல் ஒரு பூட்டைத் துடைத்தார். "நானும் யோசிக்கணும் அக்கா."

வாயால் நான் இல்லை என்கிறேன். என் முகமோ தெருவில் நின்று ஆமாம் என்கிறது. முகம்தான் பெரிசாக இருக்கிறது, அதைத்தான் நம்புகிறார்கள். இதைவிடக் கேவலம் உண்டா? கண்ணாடியில் முகம் கழுவும்போது என் சிரிப்பு ஞாபகம் வந்து ஓங்கரித்தேன். சொந்த மூஞ்சியைப் பார்த்து வாந்தி எடுக்க வைத்துவிட்டார்களே.

மார்ச் 29

படத்தின் அடியில், நான் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்குக் கீழே, ஆண்கள் ஒதுங்குகிறார்கள். கோட்டுப் போட்டவர்கள், படித்தவர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. மேலே நான் சிரிக்கிறேன், கீழே ஓடுகிறது. த்தூ!

மார்ச் 30, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். மடக்கு நாற்காலி பரணிலிருந்து இறக்கியாயிற்று.

மார்ச் 31, திங்கள்

வங்கிகள் திறக்கிற நேரத்துக்குப் போய், என் படத்துக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கோஷம் இல்லை, அட்டை இல்லை. முகத்தை மட்டும் எனக்கு இப்போது எப்படி இருக்கிறதோ அப்படி வைத்துக்கொண்டேன். நாற்றம் தாங்கவில்லை. மூக்கைத் துணியால் மூடவில்லை. மூடினால் முகம் தெரியாது.

முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை, நின்று மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"பாட்டி, மேல இருக்கறது நீங்களா?"

"இல்லம்மா. நான் கீழ இருக்கேன்."

"ஏன் கோவமா இருக்கீங்க?"

"அந்த பெஞ்சு என் சமையலறை."

அவளுக்குப் புரியவில்லை. கையைக் காட்டினேன்: கடிகாரம், கம்பம், அதற்கு அடுத்து எங்கள் கட்டடம். மாடியில் தையல்காரியின் துணி கூடத் தெரிந்தது. அந்தப் பெண் படத்தில் அதைத் தேடினாள். "அட, காணோமே," என்றாள். போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் அவள் ஆஃபீஸிலிருந்து நாலு பேர் வந்தார்கள்.

ஒதுங்க வந்தவர்கள் என்னைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். அது ஒரு லாபம்.

ஏப்ரல் 2

மூன்றாம் நாள். வாசனைக்காரர் குடையோடு வந்தார். "அம்மா, வெயில்ல எதுக்கு? எவ்வளவு அழகா இருக்கீங்க படத்துல! இந்த ஏரியாவுக்கே நீங்கதான் முகம்."

"முகம் என்னோடது தம்பி. கேக்காம எடுத்தா அதுக்கு என்ன பேரு?"

"உங்க பேரன்தானே எடுத்தார்?"

வாயை அடைத்துவிட்டார். அவர் போன திசையில் துப்பினேன், அவ்வளவுதான் முடிந்தது.

தையல்காரியின் ஜன்னல் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாயங்காலம் மொட்டைமாடியில் கூட்டம். நாளைக்கு வாத்தியார் கையெழுத்துப் போடுகிறார். அவர் போட்டால் சாவிக்காரர் போடுவார், பிறகு மற்றவர்கள். எல்லாருக்கும் தெரியும். நான் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றேன். பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

"நான் சம்மதிக்கலை. என் பேரன் என்னைக் கேக்காம போட்டான்," என்றேன்.

வாத்தியார் மரியாதையாகத்தான் சொன்னார்: "நீங்க சொல்றீங்க. ஆனா பேரன் அவங்க ஆள். எதை நம்பறது?"

அப்போது படிக்கதவு திறந்தது. சின்னவன். நான் கூப்பிடவில்லை. யாரோ நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படத்தை அவனுக்குப் போனில் அனுப்பியிருக்கிறார்கள். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"பாட்டிக்கு எதுவும் தெரியாது," என்றான். "அவங்க துணி மடிக்கும்போது நான் எடுத்த ஃபோட்டோ. கேக்கலை. சொல்லவும் இல்லை. பரிசு வாங்கினவன்கிற திமிர்ல பண்ணிட்டேன். சம்மதிச்சாங்கன்னு கம்பெனி சொல்றது பொய். இதை எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

தையல்காரி எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள். அவன் தோள் உயரம்கூட இல்லை அவள்.

"நான் துணி வெட்டறவ. வெட்டின துண்டைத் தூக்கி எறிய மாட்டேன், எதுக்காவது ஆகும். என்னை வெட்டினியே, மிச்சத்தை எங்கடா போட்டே?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு பாட்டி. முழுசா இருக்கு."

"எடுத்துக் குடு. எனக்கு நான் வேணும்."

சரி என்று தலையாட்டினான். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவனைத் தட்டிக்கொடுக்கத் தோன்றவில்லை. இன்னும் அருவருப்புதான் இருந்தது. ஆனால் வந்தானே.

ஏப்ரல் 7

வாத்தியார் போகவில்லை. காலையில் எதிர்வீட்டு மெஷின் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

படத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்! புதிதாக ஒட்டியிருக்கிறார்கள் என்று சாவிக்காரர் சொன்னார். நாற்காலியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எதிர்க்கதவு திறந்தது. "இரு, நானும் வரேன்."

நாற்காலியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

பெஞ்சில் நான் இல்லை. என் இடத்தில் பெரிய செடித்தொட்டி. அந்தச் செடியின் இலைமேல் அதே நான்கு விரல், தகர உறையோடு, தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வேறு யாரோ செய்த வேலை. அவனுக்கும் கண் தெரியவில்லை.

தையல்காரி வெகுநேரம் பார்த்தாள். "உன்னை விட செடி பரவாயில்லைடி. தோள் மெத்துனு இருக்கும்."

நடுத்தெருவில் நின்று சிரித்தோம். சிரிக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் சட்டென்று சுற்றிலும் பார்த்தேன், எவனாவது போனைத் தூக்குகிறானா என்று.

ஏப்ரல் 20

சின்னவனுக்கு வேலை போய்விட்டது. மருமகள் போனில் கத்தினாள். "உங்க வீம்புக்கு என் பிள்ளை தெருவுல நிக்கறான். ஒரு பழைய கட்டடம் பெரிசா, அவன் வாழ்க்கை பெரிசா?"

பெற்றவள் கேட்கத்தான் செய்வாள். நான் என்ன சொல்ல? கூட்டத்துக்கு அவனை நான் வரச் சொல்லவில்லை. ஆனால் வராமல் இருந்திருந்தால் அவன் மூஞ்சியில் விழித்திருப்பேனா? மாட்டேன். இதை மருமகளிடம் சொல்லவில்லை.

அவன் தைரியம் வந்து கெட்டானா, நான் பிடிவாதத்தால் கெடுத்தேனா? டீ ஆறிப்போனது.

ஜூன் 15, ஞாயிறு

கோபுரம் வருகிறது, வராமல் இல்லை. காலி மனையில் மட்டும். வாசலைப் பின்பக்கம் திருப்பிவிட்டார்களாம். நாள் முழுக்கத் தூசி, காயப்போட்ட வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிறது. இனி மத்தியானத்துக்கு மேல் என் சமையலறையில் வெயில் வராது என்கிறார்கள். அதன் நிழலில்தான் சாகும்வரை வெங்காயம் நறுக்க வேண்டும். ஆனாலும் என் சமையலறை.

மூத்த பேத்தி இப்போது பெரிய டாக்டர் ஆகிவிட்டாள், அவளுக்குக் கீழே இரண்டு டாக்டர்கள். கப்பல்காரன் வேறு கப்பலுக்கு மாறிவிட்டான். கணக்குக்காரி புத்தகம் எழுதுகிறாள். சின்னவன் வேற்றூரில் மரச்சாமான் கடை ஒன்றுக்கு மேசை, நாற்காலி, கட்டில் படம் போடுகிறான். அதில் ஆட்களே வேண்டாமாம். நல்லது.

போன வாரம் தபாலில் ஒரு பெரிய உறை வந்தது, இரண்டு படம், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மொட்டைமாடி, மடித்த துணி, நான், என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள். முழுசாக. பின்னால் மங்கலாக எங்கள் தண்ணீர்த் தொட்டி கூட இருக்கிறது. பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "நான்தான்டி உன்னை விட அழகு. அதான் வெட்டியிருக்கான்."

எனக்கு வந்த படத்தை அவன் ஆணியில் மாட்டிவிட்டேன். பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தாயிற்று. சாவிக்காரர் சுத்தியல் கொடுத்தார். அவன் படத்தின் பழைய சட்டம் அந்தப் புது ஆணியில் வெறுமையாகத் தொங்குகிறது. டை கட்டினதை மறுபடி போட மனம் வரவில்லை.

நாளைக்கு அவனுக்குக் கடிதம் எழுத வேண்டும். போனில் வேண்டாம், அச்சடித்துத் தபாலில் போடு என்று. பரிசு வேண்டாம், டை வேண்டாம், வேலை செய்கிற இடத்தில் நிற்கிற மாதிரி புதிதாக ஒரு படம். சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும், வராவிட்டால் போகட்டும். பக்கத்தில் யாராவது நின்றால் அவர்களையும் சேர்த்தே அனுப்பச் சொல்ல வேண்டும்.